கோச் திட்டுறதாலதான் என் பொண்ணு வேகமா ஓடுறாளா?

கேள்வி:

மேடம், என் பொண்ணுக்கு 14 வயசு, 800 மீட்டர் ஓடுறா. ரெண்டு வருஷமா ஒரு கோச்கிட்ட ட்ரெயினிங் போறா. அவர்கிட்ட போனதுக்கப்புறம் டைம் நல்லா குறைஞ்சிருக்கு, அதை இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனா அவர் பேசுற பேச்சைத்தான் கேக்க முடியல. எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு வெயிட் பாப்பார், "இந்த உடம்பைத் தூக்கிட்டு ஓட வேற வந்துட்டியா"ன்னு கேப்பார், டைம் வரலைன்னா பனிஷ்மென்ட் ரவுண்டு, அது முடியிற வரைக்கும் தண்ணி கிடையாது. ஒரு தடவை ஸ்டாப்வாட்ச் கயிறால கால்ல அடிச்சிருக்கார், சின்ன அடிதாம்மான்னு அவளே சொல்றா. இப்பல்லாம் சரியா சாப்பிடுறது இல்ல. முழங்காலுக்குக் கீழ வலிக்குதுன்னு ராத்திரி ஸ்ப்ரே அடிச்சுக்கிறா, கோச்கிட்ட சொல்லிடாதேன்னு சத்தியம் வாங்கியிருக்கா. பீரியட்ஸும் நாலு மாசமா வரல, ஓடுற பொண்ணுங்களுக்கு அப்படித்தான் இருக்கும்னு கூட வர்ற அம்மாங்க சொல்றாங்க. என் வீட்டுக்காரர் காலேஜ் டீம்ல விளையாடினவர், நாங்கல்லாம் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், கண்டிப்பு இல்லாம சாம்பியன் வராதுங்கிறார். நான்தான் தேவையில்லாம பயப்படுறேனா?

பதில்:

அன்புள்ள அம்மா,

நீங்க கோச் பத்திதான் கேட்டிருக்கீங்க, அதுக்கு விரிவாவே பதில் சொல்றேன், ஆனா லெட்டரோட கடைசியில போற போக்குல ரெண்டு விஷயம் எழுதியிருக்கீங்க பாருங்க, பீரியட்ஸ் நாலு மாசமா வரல, கால்ல வலி, அதை முதல்ல பேசிடலாம், ஏன்னா அவசரம் அதுலதான் இருக்கு. இந்த வாரமே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ஸ்போர்ட்ஸ் மெடிசின் டாக்டர் கிடைச்சா ரொம்ப நல்லது, இல்லைன்னா எலும்பு டாக்டர் ஒருத்தர், பெண்கள் டாக்டர் ஒருத்தர்னு ரெண்டு பேர்கிட்டயும் காட்டுங்க. அவங்க பாத்து சரின்னு சொல்ற வரைக்கும் அவ ஓட வேண்டாம். போட்டி இருந்தாலும் சரி.

ஓடுற பொண்ணுங்களுக்கு பீரியட்ஸ் நிக்கிறது சகஜம்னு சொல்றது தப்பு. நிறைய பேருக்கு நிக்குதுங்கிறது உண்மை, ஆனா அது நல்லதுக்கு நிக்கல. ட்ரெயினிங்ல செலவாகுற சக்திக்கு ஈடா சாப்பாடு உள்ள போகலைன்னா உடம்பு எதை நிறுத்தி மிச்சம் பிடிக்கலாம்னு பாக்கும், மூளையில இருந்து சினைப்பைக்குப் போற ஹார்மோன் சிக்னல் குறையும், பீரியட்ஸ் நிக்கும், கூடவே ஈஸ்ட்ரோஜனும் இறங்கும். ஈஸ்ட்ரோஜன் இறங்கினா எலும்பு தேயும். வாழ்நாள் முழுக்க தாங்கப்போற எலும்பு பலத்தோட பெரும்பகுதி சேர்ற வயசே இந்த டீன் ஏஜ்தான், அதனாலதான் 14 வயசுல இது நடந்தா எனக்கு பயமா இருக்கு. இன்டர்நேஷனல் ஒலிம்பிக் கமிட்டி 2014ல இந்த மொத்தப் பிரச்சனைக்கும் ரெட்-எஸ்னு பேர் வெச்சு அறிக்கை விட்டாங்க, பசங்களுக்கும் இது வரும், அவங்களுக்கு பீரியட்ஸ் மாதிரி வெளிய தெரியிற அடையாளம் இல்லாததால லேட்டாத்தான் தெரியும். ஏற்கெனவே வந்துட்டு இருந்த பீரியட்ஸ் தொடர்ந்து மூணு மாசம் வரலைன்னாலே டாக்டர் பாக்கணும், உங்க பொண்ணு அதையும் தாண்டிட்டா.

கால் வலி சாதாரண தசை வலியாவும் இருக்கலாம், ஆனா இந்தச் சூழ்நிலையில ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் இல்லைன்னு உறுதி பண்ணாம விடக்கூடாது. எலும்புல விழுற மயிரிழை விரிசல் அது. ஒரு விரலால தொட்டு இந்த இடம்னு காட்ட முடிஞ்சா, ஓடாதப்பவும் ராத்திரியிலயும் வலிச்சா சந்தேகம் கூடும். ஆரம்பத்துல எக்ஸ்ரேல பல நேரம் தெரியாது, எம்ஆர்ஐ வரைக்கும் போக வேண்டி வரலாம், அதனால எக்ஸ்ரே நார்மல்னு வந்ததும் நிம்மதியாகி திரும்ப க்ரவுண்டுக்கு அனுப்பிடாதீங்க. முக்கியமா, கால் வலின்னு காட்டப் போற டாக்டர்கிட்டயே பீரியட்ஸ் விஷயத்தையும், சாப்பாடு குறைஞ்சதையும் நீங்களா சொல்லுங்க. கால் பாக்குற டாக்டர் எல்லாரும் அதைக் கேக்க மாட்டாங்க.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன்.

அவர்கிட்ட சேந்தப்ப உங்க பொண்ணுக்கு 12 வயசு, இப்ப 14. அந்த ரெண்டு வருஷத்துல கால் நீளுது, இதயமும் நுரையீரலும் வளருது, அதுகூட ஒழுங்கான ட்ரெயினிங்கும் சேந்தா எந்த கோச்கிட்ட இருந்தாலும் பெரும்பாலான பிள்ளைங்களுக்கு டைம் குறையத்தான் செய்யும். அவர் குடுக்குற ஒர்க்அவுட் நல்ல ஒர்க்அவுட்டாவே இருக்கலாம், நான் பாக்கல, அதனால குறை சொல்ல மாட்டேன். ஆனா ஒர்க்அவுட்டும் வசவும் ஒரே ஆள்கிட்ட இருந்து ஒண்ணா வர்றதால எது வேலை செஞ்சுதுன்னு பிரிச்சுப் பாக்காம ரெண்டுக்கும் சேத்து க்ரெடிட் குடுத்துடுறோம். கோச்சும் அப்படித்தான் நம்புறார், பொய் சொல்றார்னு நான் நினைக்கல, அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். அது ஏன்னு டேனியல் கானமன் ஒரு சம்பவம் சொல்லியிருக்கார், 2002ல பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கின சைக்காலஜிஸ்ட். இஸ்ரேல் விமானப்படையில பைலட் ட்ரெயினிங் குடுக்குறவங்ககிட்ட, பாராட்டினா நல்லா கத்துக்குவாங்கன்னு இவர் க்ளாஸ் எடுக்குறார், அப்ப ஒரு சீனியர் எழுந்து, எங்க அனுபவம் நேர்மாறு சார், நல்லா ஓட்டினவனைப் பாராட்டினா அடுத்த தடவை சொதப்புறான், மோசமா ஓட்டினவனைக் கத்தினா அடுத்த தடவை நல்லா ஓட்டுறான்னு சொல்றார். அவர் பாத்தது உண்மை, காரணம்தான் தப்பு. யாருக்குமே ஒரு நாள் அசாத்தியமா அமையும், ஒரு நாள் ரொம்ப மோசமா போகும், அப்படிப்பட்ட நாளுக்கு அடுத்த நாள் பெரும்பாலும் வழக்கமான லெவலுக்கே திரும்பிடுவாங்க, நீங்க திட்டினாலும் திட்டலைன்னாலும். ஆனா கோச் திட்டுறது எப்பன்னு பாருங்க, டைம் மோசமா வந்த அன்னிக்குத்தான். மறுநாள் தானா சரியாகுறதை திட்டினதால சரியாச்சுன்னு எடுத்துக்குவார், பாராட்டின மறுநாள் தானா இறங்குறதை பாராட்டினதால திமிர் ஏறிடுச்சுன்னு எடுத்துக்குவார். இருபது வருஷம் கோச்சா இருந்தா இருபது வருஷமும் அவருக்கு இதே பாடம்தான் கிடைச்சிட்டிருக்கும், அவ்வளவு அனுபவமும் சேந்து தப்பான பக்கமே தள்ளும்.

வெயிட் விஷயத்துல இன்னொரு ஏமாத்தம் இருக்கு. சாப்பாட்டைக் குறைச்சு வெயிட் இறங்கினதும் சில பேருக்கு கொஞ்ச நாளைக்கு டைம் நிஜமாவே குறையும், கோச் சொன்னது சரிதான் போலன்னு பொண்ணும் நம்பிடுவா. கணக்கு பின்னாடிதான் வரும். மேரி கெய்ன்னு அமெரிக்காவுல ஒரு பொண்ணு, 2013 மாஸ்கோ உலக சாம்பியன்ஷிப்புக்கு 17 வயசுலயே அமெரிக்க டீம்ல போனவங்க, 1500 மீட்டர்ல ஃபைனல் வரைக்கும் ஓடினவங்க. அதே வருஷம் நைக்கி நடத்தின ஒரேகான் ப்ராஜெக்ட்ங்கிற ட்ரெயினிங் டீம்ல ஆல்பெர்டோ சலசார்கிட்ட சேந்தாங்க, உலகத்துலயே பெரிய கோச்னு அப்ப பேர். 2019 நவம்பர்ல அவங்க வெளிப்படையா பேசினப்ப சொன்னது இதுதான்: ஒல்லியாகு இன்னும் ஒல்லியாகுன்னு தொடர்ந்து அழுத்தம், டீம் மேட்ஸ் முன்னாடியே வெயிட் பாத்து அவமானப்படுத்தினது, மூணு வருஷம் பீரியட்ஸ் வரல, அஞ்சு எலும்பு உடைஞ்சுது. சலசார் தான் தப்பு எதுவும் பண்ணலன்னு மறுத்தார், தன்னோட பேச்சு யாரையாவது காயப்படுத்தியிருந்தா வருத்தம்னும் சொன்னார். 2021ல, விளையாட்டுல நடக்குற கொடுமைகளை விசாரிக்கிற அமெரிக்காவோட சேஃப்ஸ்போர்ட் அமைப்பு வேற புகார்களையும் விசாரிச்சு அவருக்கு நிரந்தரத் தடை போட்டுச்சு. உங்க லெட்டரைப் படிச்சப்ப எனக்கு மேரி கெய்ன்தான் ஞாபகம் வந்தாங்க, பப்ளிக்கா வெயிட், நின்னுபோன பீரியட்ஸ், எலும்பு வலி, மூணுமே அதே வரிசை.

பயம் ஒண்ணுமே பண்ணாதான்னு கேட்டா, பண்ணும், அதையும் நேர்மையா சொல்லணும். பயந்த பிள்ளை அன்னிக்கு கொஞ்சம் முக்கி ஓடும், அட்ரினலின் ஏறும், வெறும் உழைப்பு மட்டும் தேவைப்படுற இடத்துல அது உடனே ரிசல்ட்டாவும் தெரியும். ஆனா 800 மீட்டர் வெறும் முக்கல் கிடையாது, முதல் ரவுண்டு எவ்வளவு வேகத்துல போகணும், யார் பின்னாடி ஒட்டிக்கணும், எங்க இருந்து இழுக்கணும்னு ஓடிட்டே முடிவெடுக்கணும். பயத்துல இருக்குற மூளைக்கு கோச் முகம் மட்டும்தான் தெரியும். என்கிட்ட வர்ற பிள்ளைங்கள்ல இந்த மாதிரி ட்ரெயினிங்ல இருந்து வர்றவங்களுக்கு ஒரு விஷயம் பொதுவா இருக்கு, ப்ராக்டிஸ்ல நல்ல டைம் வரும், போட்டியில ஆரம்பத்துலயே பதறி ஓடிட்டு கடைசி 200 மீட்டர்ல கால் கட்டிக்கும், தோத்தா என்ன ஆகும்ங்கிறதையே யோசிச்சிட்டு ஓடினேன்னு சொல்வாங்க.

அதை விட எனக்கு முக்கியமா படுறது வேற. பயத்தால உழைப்பு கூடுதா குறையுதான்னு வாதம் பண்ணிட்டே இருக்கலாம், ஆனா ஒரு விஷயத்தை பயம் கண்டிப்பா கத்துக்குடுக்கும், மறைக்கிறதை. உங்க பொண்ணு உங்ககிட்ட வாங்கின சத்தியத்தைப் பாருங்க. வலிக்குதுன்னு கோச்கிட்ட சொன்னா சாக்கு சொல்றேன்னு திட்டுவார், சொல்லலைன்னா திட்டு இல்ல, அப்ப 14 வயசுப் பிள்ளை எதைத் தேர்ந்தெடுக்கும்? வலி, தலைசுத்தல், தலையில அடி, சாப்பாடு, பீரியட்ஸ், ராத்திரி தூக்கம், இதெல்லாம் ஒரு கோச்சுக்கு தெரிஞ்சே ஆகவேண்டிய தகவல், தெரிஞ்சாதான் அடுத்த நாள் எவ்வளவு ஓட வைக்கலாம்னு முடிவு பண்ண முடியும். பிள்ளைங்க வாயை அடைச்ச கோச் இது எதுவும் தெரியாமதான் ட்ரெயினிங் குடுக்குறார். ஆபத்து அங்கதான் இருக்கு.

அமெரிக்காவுல மேரிலேண்ட் யூனிவர்சிட்டி ஃபுட்பால் டீம்ல ஜோர்டன் மெக்நேர்னு 19 வயசுப் பையன். 2018 மே 29ஆம் தேதி 110 கஜ ஓட்டத்தை திரும்பத் திரும்ப ஓட வைக்கிற டெஸ்ட், நடுவுல அவனால முடியல, ஹீட் ஸ்ட்ரோக். ஐஸ் தண்ணியில முக்கி உடனே உடம்புச் சூட்டை இறக்கியிருக்கணும், அதைப் பண்ணல, ஒரு மணி நேரத்துக்கும் மேல ஆனபிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாங்க, ஜூன் 13ஆம் தேதி இறந்துட்டான். அதுக்கப்புறம் அந்த டீமோட சூழல் எப்படி இருந்துச்சுன்னு விசாரிக்க தனியா ஒரு கமிஷன் போட்டாங்க. அவங்க அறிக்கையில அந்த டீமை விஷச் சூழல்னு முத்திரை குத்தல, ஆனா வாய் திறக்க ரொம்பப் பேர் பயந்ததால பிரச்சனைகள் உள்ளயே புரையோடிப் போச்சுன்னு எழுதினாங்க. அம்மா, இதை உங்க வீட்டுக்காரருக்கு படிச்சுக் காட்டுங்க. கோச் ராட்சசனா இருக்கணும்னு அவசியமே இல்ல, பிள்ளைங்க முடியலைன்னு சொல்ல பயந்தா அதுவே போதும்.

பனிஷ்மென்ட் ரவுண்டும் தண்ணி நிறுத்துறதும் அதனாலதான் எனக்கு அடியை விட மோசமா படுது, நீங்க அதை லேசா எழுதியிருந்தாலும். ட்ரெயினிங்ல எத்தனை ரவுண்டுன்னு ஒரு கணக்கு இருக்கும், பிள்ளையோட வயசு, நேத்து ஓடினது, வெயில் எல்லாம் பாத்துப் போட்ட கணக்கு. தண்டனையில கணக்கு கோச்சோட கோபம்தான். ஏற்கெனவே களைச்சுப் போனதாலதான் டைம் வரல, அந்தப் பிள்ளையையே மேல ஓட வெச்சு தண்ணியையும் நிறுத்தினா என்ன ஆகும்னு யோசிங்க. கடுமையான உழைப்புல உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சு குளறி, தடுமாற ஆரம்பிச்சா அது ஹீட் ஸ்ட்ரோக், முதல் அரை மணி நேரத்துக்குள்ள சூட்டை இறக்கியாகணும், ஆம்புலன்ஸுக்கு ஃபோன் பண்ணிட்டு அது வர்ற வரைக்கும் காத்திருக்காம அங்கயே குளிர்ந்த தண்ணியில உடம்பை முக்கணும், தொட்டி இல்லைன்னா ஐஸ் தண்ணியில நனைச்ச துணியால உடம்பு முழுக்க மாத்தி மாத்திப் போத்தணும். தாங்க முடியாத அளவு ஓட வெச்ச மறுநாள் யூரின் கோலா கலர்ல போனா தசை உடைஞ்சு கிட்னிக்குப் போகுதுன்னு அர்த்தம், அன்னிக்கே எமர்ஜென்சி. இது ரெண்டையும் க்ரவுண்டுக்கு வர்ற எல்லா அம்மா அப்பாவும் தெரிஞ்சு வெச்சிருக்கணும்.

இன்னொண்ணு, எழுதக் கஷ்டமா இருந்தாலும் எழுதிடுறேன். வலியைச் சொல்லாதே, பசியைச் சொல்லாதே, பெரியவங்க செய்யுறதைக் கேள்வி கேக்காதேன்னு பழக்கின இடத்துல வேற மாதிரி ஆளுங்களும் நுழைஞ்சுடுவாங்க. லாரி நாசர்னு அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் டீம் டாக்டர், நூத்துக்கணக்கான பொண்ணுங்ககிட்ட பாலியல் கொடுமை பண்ணினவன், 2018 ஜனவரியில 40ல இருந்து 175 வருஷம் வரை ஜெயில் தண்டனை. கோச்சுங்க முகம் குடுத்துப் பேசாத, சாப்பாட்டைக் கட்டுப்படுத்தின அந்த டீமோட ட்ரெயினிங் கேம்ப்ல அவன் ஒருத்தன்தான் சிரிச்சுப் பேசி, யாருக்கும் தெரியாம தின்பண்டம் குடுப்பான்னு அந்தப் பொண்ணுங்களே சொல்லியிருக்காங்க. உங்க கோச் மேல அப்படி சந்தேகப்படச் சொல்லல. இந்த மாதிரி சூழல்ல பிள்ளை எதையுமே வீட்டுக்கு கொண்டு வராதுங்கிறதைத்தான் சொல்றேன்.

உங்க வீட்டுக்காரர் பேச்சுக்கு வருவோம். அவர் அடி வாங்கினார், தாங்கினார், விளையாட்டை இன்னும் நேசிக்கிறார், அதெல்லாம் உண்மை, அதை நீங்க மறுத்துப் பேசினா அவரோட இளமைக் காலத்தையே மறுக்குற மாதிரி ஆயிடும், வேண்டாம். அவர்கிட்ட ஒண்ணு மட்டும் கேளுங்க, உங்க கூட முதல் நாள் வந்தவங்க எத்தனை பேர், கடைசி வரைக்கும் நின்னவங்க எத்தனை பேர், போனவங்கள்ல உங்களை விடத் திறமையா யாராவது இருந்தாங்களான்னு. பெரும்பாலும் ஒரு பேராவது ஞாபகம் வரும். நின்னு ஜெயிச்சவங்கதான் பின்னாடி மைக்ல பேசுறாங்க, அடி வாங்கினதாலதான் வந்தேன்னு சொல்றாங்க, விட்டுட்டுப் போனவங்ககிட்ட யாரும் மைக்கை நீட்டுறது இல்ல. வாஷிங்டன் யூனிவர்சிட்டியில ஸ்மோல், ஸ்மித்னு ரெண்டு சைக்காலஜிஸ்ட்டுங்க சின்னப் பிள்ளைங்களுக்கான பேஸ்பால் கோச்சுங்களை வெச்சு இதை ஆராய்ச்சி பண்ணினாங்க. ஒரு பகுதி கோச்சுங்களுக்கு எப்படி ஊக்கம் குடுக்குறது, தப்பை எப்படித் திருத்துறதுன்னு சில மணி நேர ட்ரெயினிங், இன்னொரு பகுதிக்கு ஒண்ணும் இல்ல. 1992ல வந்த அந்த ரிசல்ட்ல ட்ரெயினிங் வாங்காத கோச்சுங்ககிட்ட இருந்த பிள்ளைங்கள்ல 26 சதவீதம் அடுத்த வருஷம் விளையாட வரல, ட்ரெயினிங் வாங்கினவங்ககிட்ட 5 சதவீதம்தான் வரல. ஜெயிச்ச மேட்ச் கணக்குல ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்ல.

இதுல ஒரு குழப்பம் வந்துடக்கூடாது, கொஞ்சிக்கிட்டே இருக்குறதுதான் நல்ல கோச்சிங்னு நான் சொல்லல. ஜான் வுடன்னு ஒருத்தர், அமெரிக்காவுல யுசிஎல்ஏங்கிற யூனிவர்சிட்டியோட பாஸ்கெட்பால் கோச், 12 வருஷத்துல 10 தேசிய சாம்பியன்ஷிப். ரொம்பக் கண்டிப்பானவர். அவரோட கடைசி சீசன், 1974-75, ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ப்ராக்டிஸ்ல உக்காந்து அவர் சொல்ற செய்யுற ஒவ்வொண்ணையும் குறிச்சாங்க, மொத்தம் 2326. அதுல பாதிக்கு மேல வெறும் தகவல், இப்படிப் பிடி, இங்க நில்லு, பந்தை எப்ப விடுன்னு. பாராட்டு நூத்துக்கு ஏழு கிட்டத்தான், சும்மா திட்டுறதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். தப்பு பண்ணினா நிறுத்துவார், சரியா எப்படிப் பண்றதுன்னு செஞ்சு காட்டுவார், நீ பண்ணினது இப்படின்னு காட்டுவார், மறுபடி சரியானதைக் காட்டுவார், அவ்வளவுதான், அடுத்த வேலை. அந்த சீசனும் ஜெயிச்சாங்க. உங்க வீட்டுக்காரர் விரும்புற கண்டிப்பு இதுதான்னு நினைக்கிறேன், இதை நானும் விரும்புறேன். "கை குறுக்க வீசுது, நேரா வீசு" கண்டிப்பு. "இந்த உடம்பைத் தூக்கிட்டு வந்துட்டியா"ன்னு கேட்டா அதுல அவ நாளைக்கு மாத்திக்க என்ன தகவல் இருக்கு, சாப்பிடாம இருக்கலாங்கிறதைத் தவிர?

கயிறால அடிச்சதைப் பத்தி. சின்ன அடியா பெரிய அடியான்னு நான் பாக்கல, பிள்ளையை அடிச்ச ஆள்கிட்ட போய் இனிமே அடிக்காதீங்க சார்னு கேட்டுக்கிட்டு மறுபடி ஒப்படைக்கிறதுல எனக்கு உடன்பாடு கிடையாது. என்ன தேதி, என்ன நடந்துச்சு, யார் பாத்தாங்கன்னு எழுதி வெச்சு, கிளப்போ ஸ்கூலோ யார் பொறுப்போ அவங்ககிட்ட எழுத்துல புகார் குடுங்க, வாங்கிக்கிட்டதுக்கு அத்தாட்சி வாங்குங்க. அவங்க மூடி மறைச்சா அதுக்கு மேல அந்த விளையாட்டு சங்கம், குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பு, போலீஸ். ஒரே இடத்துல சொல்லிட்டு நிறுத்திடாதீங்கன்னு நான் வற்புறுத்த காரணம் இருக்கு. தென் கொரியாவுல சோய் சுக்-ஹியான்னு ட்ரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும் சேந்த போட்டி) வீராங்கனை, கோச்சும் டீம்ல இருந்தவங்களும் வருஷக்கணக்கா அடிச்சிருக்காங்க, போலீஸ், விளையாட்டு கமிட்டி, சங்கம்னு பல கதவைத் தட்டினாங்க, யாரும் வேகமா அசையல. 2020 ஜூன்ல 22 வயசுல அந்தப் பொண்ணு உயிரை விட்டுடுச்சு. அதுக்கப்புறம்தான் கோச்சுக்கு ஏழு வருஷ ஜெயில், அவங்க பேர்லயே வீரர்கள் பாதுகாப்புச் சட்டத் திருத்தம், எல்லாம். புகார் சொன்ன பிள்ளையை பெரியவங்க காக்க வைக்கக்கூடாது.

இதையெல்லாம் செய்யுறதுக்கு முன்னாடி பொண்ணுகிட்ட பேசணும், அதுதான் உங்களுக்குக் கஷ்டமான பகுதி. அவ மறைக்கிறது கோச்சுக்கு பயந்து மட்டும் இல்ல, உண்மை தெரிஞ்சா நீங்க ஓட்டத்தையே நிறுத்திடுவீங்கன்னும் பயப்படுறா, எனக்குத் தெரிஞ்சு இந்த வயசுப் பிள்ளைங்க வாய் திறக்காததுக்கு பெரிய காரணமே அதுதான். அதனால முதல் வார்த்தையே, உன்னை ஓட்டத்துல இருந்து எடுக்க மாட்டேன், நீ ரொம்ப வருஷம் ஓடணும்னுதான் டாக்டர்கிட்ட போறோம்னு சொல்லுங்க. நேருக்கு நேரா உக்கார வெச்சு விசாரணை மாதிரி கேக்காதீங்க, ஏதாவது வேலை செஞ்சிட்டே, எங்கயாவது போயிட்டிருக்கும்போது பேசுங்க. கோச் கெட்டவர்னு ஆரம்பிச்சா அவ அவருக்காகப் பேசுவா, அவர்மேல அவளுக்கு நன்றியும் இருக்கும் பாசமும் இருக்கும், அதுல அதிர்ச்சி அடைய ஒண்ணும் இல்ல. "ப்ராக்டிஸ்ல உனக்கு முடியலைன்னா யார்கிட்ட சொல்வே"ன்னு கேட்டுட்டு அமைதியா இருங்க. சத்தியத்தை மீறணும்தான், அதை ஒளிச்சு செய்யாதீங்க, "இது உன் எலும்பு விஷயம், இதை என்னால ரகசியமா வெச்சுக்க முடியாது, ஆனா யார்கிட்ட சொல்லப்போறேன்னு உன்கிட்ட முதல்ல சொல்வேன்"னு சொல்லி அப்படியே நடந்துக்குங்க. கொஞ்ச நாள் கோபப்படுவா. சாப்பாட்டு விஷயத்துல தட்டைப் பாத்து கமென்ட் அடிக்காதீங்க, வீட்டுல வெயிட் மெஷின் இருந்தா எடுத்து வெச்சுடுங்க, ஸ்போர்ட்ஸ் தெரிஞ்ச டயட்டீஷியன் ஒருத்தரை டாக்டர் மூலமா பிடிங்க. வாழப் பிடிக்கல, நான் எதுக்கு இருக்கேன்ங்கிற மாதிரி எது பேசினாலும் சும்மா சொல்றான்னு விடாம அன்னிக்கே மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

கோச்கிட்ட இப்போதைக்கு டாக்டர் சொன்ன ஓய்வை எழுத்துல குடுத்தா போதும், தனியா போகாம வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போங்க. வாக்குவாதம் வேண்டாம். அதுல அவர் என்ன சொல்றார்னு மட்டும் கவனிங்க, எப்ப சரியாகும், நான் என்ன பண்ணணும்னு கேக்குறாரா, இல்ல நடிக்கிறாங்கிறாரா.

வேற கோச் தேட வேண்டி வரும்னுதான் நினைக்கிறேன். அவ ஓட முடியாம இருக்குற அந்த வாரங்களையே அதுக்குப் பயன்படுத்துங்க, ரெண்டு மூணு இடத்துக்கு அவளையும் கூட்டிட்டுப் போய் ஓரமா உக்காந்து ஒரு முழு ப்ராக்டிஸ் பாருங்க. சுவத்துல மாட்டியிருக்குற மெடலை விட, பிள்ளைங்க கேக்காமலே போய் தண்ணி குடிக்கிறாங்களா, தப்பு பண்ணினவ கோச்சைப் பாத்து குனியிறாளா இல்ல நிமிர்ந்து நின்னு கேக்குறாளா, வெயிட் பாக்குறீங்களான்னு கேட்டா என்ன பதில் வருது, இதெல்லாம் பாருங்க. காலைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பிள்ளை ஓரமா வந்து நிக்கும், எந்த க்ரவுண்டுலயும் நிக்கும், அப்ப அந்த கோச் முதல்ல அந்தப் பிள்ளையோட காலைப் பாக்குறாரா ஸ்டாப்வாட்சைப் பாக்குறாரான்னு பாத்துட்டு, எந்த இடம்ங்கிறதை உங்க பொண்ணையே சொல்லச் சொல்லுங்க.